லெட்யூஸுக்குப் போட்டியாக ஒரு பசலை

என் நாத்தனார் எதையும் சாயத்தை வைத்தே மதிப்பிடுவாள். அவள் புகுந்த வீட்டில் மூன்று தறி ஓடுகிறது. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதும் அந்த வீட்டிலேயே. புதுத் துணி எது வந்தாலும் ஒரு முனையை வெந்நீரில் நனைத்து, வெள்ளை நூலில் ஒற்றிப் பார்ப்பாள். நிறம் ஒட்டினால் துணி கழிசல். ஒட்டாவிட்டால் கெட்டிச் சாயம். கீரைக்கும் அவள் இதே சோதனையை வைத்திருக்கிறாள் என்பது, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை அவள் கொண்டுவந்து வைத்த பிற்பகலில்தான் எனக்குத் தெரிந்தது.

ஒன்றில் ஹோட்டல் சாலட்டில் போடும் லெட்யூஸ் இலை, இன்னொன்றில் பசலை இலை. இரண்டிலும் வெந்நீர். ஐந்து நிமிடத்தில் லெட்யூஸ் எண்ணெய் பட்ட காகிதம் போலாகி டம்ளரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. பசலை கொஞ்சம் துவண்டது, பச்சை குறையவில்லை.

"பாருங்க அண்ணி. இது வெளுத்துப் போச்சு. இது அப்படியே நிக்குது. சாயம் கெட்டின்னா சத்தும் கெட்டியாத்தான இருக்கும்?"

"சாயம் கெட்டியா இருந்தா சேலை நல்ல சேலை. கீரைக்கு அது கணக்கு இல்லம்மா."

"பின்ன இன்னா கணக்கு?"

"நூறு கிராம் இலையில எந்தச் சத்து எவ்வளவு இருக்குதுன்னு அட்டவணை போட்டு வெச்சிருப்பாங்க. அதைத்தான் கேப்பாங்க."

"அதுக்குத்தான் உங்க வீட்டுக்கு வந்துக்கினு இருக்கேன்."

விஷயம் இதுதான். காந்தி ரோட்டில் ஒரு பெரிய பட்டுக்கடையின் ஊழியர்களுக்கு ஆறு வருடமாக மதியச் சாப்பாடு செய்து கொடுத்தவள் அவள். உதவிக்கு அதே தெருவைச் சேர்ந்த இரண்டு பெண்கள். அந்தக் கடை மொட்டை மாடியில் சொந்தமாகச் சமையலறை கட்டிக்கொண்டதும் மூவருக்கும் வேலை போயிற்று. இரண்டு மாதமாக அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. தறியில் உட்காரலாமே என்று வீட்டில் கேட்டார்கள். "அதுக்கு மூணு பேர் இருக்கீங்க, எனக்கு அடுப்புதான் கை வந்தது" என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில்தான் வாலாஜாபாத் சாலையில் உள்ள ஒரு பெண்கள் கல்லூரியின் விடுதியில், மதியச் சாப்பாட்டோடு சாலட் வைக்க ஆள் தேடினார்கள். மருத்துவ முகாமில் விடுதிப் பெண்கள் பலருக்கு இரத்தசோகை என்று தெரியவந்ததால் எடுத்த முடிவு. விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர்: சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் லெட்யூஸ் கொண்டுவரும் ஒரு நிறுவனம், என் நாத்தனார்.

நிபந்தனையும் இரண்டு. எந்த இலையைப் பச்சையாகக் கொடுக்கப் போகிறோமோ அதன் சத்து விவரத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஒரு நாள் மதியம் விடுதியில் பரிமாறிக் காட்ட வேண்டும். இரண்டையும் பார்த்து முடிவு சொல்லப்போகிறவர் அந்தக் கல்லூரியின் உணவியல் ஆசிரியை. பரிமாறும் நாள் வியாழக்கிழமை. டம்ளர் சோதனை நடந்தது திங்கட்கிழமை.

"இது கிடைக்கலன்னா?" என்று கேட்டேன்.

"கம்பெனி பஸ்ல ஏறிட வேண்டியதுதான். நாப்பத்தி மூணு வயசுல டோப்பா மாதிரி ஒரு தொப்பி மாட்டிக்கினு ஸ்க்ரூ முடுக்கணும். மத்த ரெண்டு பேரும் ஏற்கெனவே பேர் குடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கடின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

லெட்யூஸை அவள் ஏன் எடுக்கவில்லை என்றும் கேட்டேன். வாங்கித் தின்று பார்த்திருக்கிறாள். "தண்ணிய மென்னு முழுங்கற மாதிரி இருக்குது அண்ணி." இது வெறும் ஏளனம் அல்ல. முட்டைக்கோஸ் போல உருண்டையாக வரும் ஐஸ்பெர்க் லெட்யூஸில் பெரும்பகுதி தண்ணீர்தான். பசலை தென்னேரியில் ஏரிக்கரைப் பக்கத்து வேலியில் விளைகிறது. காலையில் பறித்தால் பத்து மணிக்குள் அவள் கைக்கு வந்துவிடும்.

அவள் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அதன் நடுப்பக்கத்தில் மஞ்சளான ஒரு பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. தலைப்பு: 'இரத்த விருத்திக்குப் பசலைக்கீரை'. கீழே பெட்டிச் செய்தியாக ஒரு சத்து அட்டவணை.

"இதை அப்படியே எழுதிக் குடுத்துடலாம் இல்ல? பதினோரு வருசமா வெச்சிருக்கேன். நீங்க போட்டதுதான அண்ணி?"

நான் போட்டதுதான். ஒரு நாளிதழின் சென்னை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் துணை ஆசிரியராக இருந்தேன். கடைசி ஒன்பது வருடம் உடல்நலப் பக்கம் என் பொறுப்பு. கட்டுரையில் என் பெயர் இல்லை. ஆனால் தலைப்பில் ஆறு சொல்லுக்கு மேல் வைக்கக் கூடாது என்ற என் பிடிவாதம் அதில் இருந்தது. சந்தோஷமாகத்தான் காகிதத்தை எடுத்து எழுத உட்கார்ந்தேன். பழைய எண்ணை அச்சுக்குக் கொடுக்குமுன் இன்னொரு முறை சரிபார்ப்பது வேலையில் வந்த பழக்கம். கம்ப்யூட்டரில் பசலையின் சத்து அட்டவணையைத் தேடி எடுத்தேன்.

இரண்டு வரி தாண்டுவதற்குள் எண்கள் பொருந்தவில்லை. மூன்றாவது வரியில் காரணம் தெரிந்தது. அந்த அட்டவணை பசலையுடையது அல்ல. ஸ்பினாச்சுடையது. வடக்கத்திக்காரர்கள் பாலக் என்று சொல்லும் கீரை.

பிழை எப்படி நடந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. செய்தி நிறுவனங்களிலிருந்து வரும் உடல்நலக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் வரும். எங்கள் மேசையில் ஒரு சொல்பட்டியல் உண்டு. எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ் என்று அதில் இருக்கும். ஸ்பினாச் என்ற சொல்லுக்கு எதிரே பசலைக்கீரை என்று எனக்கு முன்னால் யாரோ எழுதியிருந்தார்கள். நான் அதைத் திருத்தவில்லை. ஒன்பது வருடத்தில் எத்தனை முறை ஸ்பினாச்சைப் பசலையாக்கி அச்சேற்றினேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. நாங்கள் மட்டும் அல்ல, தமிழில் உடல்நலம் எழுதிய ஏறக்குறைய எல்லோரும் இதைச் செய்தோம். ஒரு வாசகர்கூட மறுப்பு எழுதவில்லை. எழுத அவர்களுக்கு என்ன தேவை? நாங்கள் பாலக்கைப் புகழ்ந்தோம். அவர்கள் மார்க்கெட்டுக்குப் போய்ப் பசலையை வாங்கினார்கள். கீரைக்காரர்கள் யாரும் நஷ்டப்படவில்லை.

நாத்தனாரிடம் சொன்னேன்.

"அப்ப இது நம்ம பசலை இல்லையா?"

"இல்ல. பாலக்."

"பாலக்னா? அந்த பன்னீர் போடுவாங்களே, அந்த பாலக்கா?"

"அதேதான்."

"பதினோரு வருசம் அண்ணி! பாலக்கைப் பத்திப் படிச்சிட்டுப் பசலையைக் கடைஞ்சு ஊத்தியிருக்கேன் உங்க தம்பிக்கு!" அவள் கணவரை எனக்குத் தம்பி முறையாக்கித்தான் பேசுவாள். சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "சரி. யாருக்குத் தெரியப்போவுது? பேப்பர்ல வந்துதுன்னு குடுத்துடலாம்."

"வேணாம்."

"நீங்க எழுதினதுதான?"

"அதனாலதான் வேணாங்கறேன்."

செவ்வாய்க்கிழமை காலை தென்னேரிக்குப் போனோம். இலையை நேரில் பார்க்காமல் அதன் பெயரை எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இருபத்திரண்டு வருடம் தாமதமான முடிவு. அவளுக்குக் கீரை கொடுக்கும் பெண்ணின் வேலியில் கொடி ஓடிக்கொண்டிருந்தது. தண்டு சதைப்பற்றாக, இலை தடித்து, இதய வடிவில் இருந்தது. சில இடங்களில் கரும் ஊதா நிறத்தில் பழம். இது எந்தப் பசலை என்று கேட்டேன்.

"இது இன்னாம்மா கேள்வி? கொடியில ஏறினா கொடிப்பசலை. தரையில படர்ந்தா தரைப்பசலை." அந்தப் பெண் என்னையும் என் கையிலிருந்த நோட்டையும் பார்த்தாள். என் நாத்தனார் வழியில் என்ன சொல்லி வைத்திருந்தாளோ, அடுத்த வாக்கியத்தையும் சொன்னாள். "பேப்பர்ல ஏறினாத்தான் இன்னா பசலைன்னு தெரியாது."

நாத்தனார் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் நோட்டில் 'கொடிப்பசலை' என்று எழுதினேன்.

அன்று பிற்பகலும் மறுநாள் காலையும் அட்டவணைகளோடு உட்கார்ந்தேன். ஒன்றை நம்பி எழுதியதில் பட்ட பாடு போதும் என்று இரண்டை எடுத்தேன். ஒன்று இந்தியாவில் எடுத்தது, ஒன்று வெளிநாட்டில். ஐஸ்பெர்க் லெட்யூஸோடு ஒப்பிட்டால் பெரும்பாலான வரிகளில் கொடிப்பசலை முன்னால் நின்றது. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யை உடல் எதிலிருந்து ஆக்கிக்கொள்கிறதோ அந்தச் சத்து, வைட்டமின் சி, சுண்ணாம்புச் சத்து, இரத்தம் ஊறத் தேவையான ஃபோலேட். லெட்யூஸிலும் இவை இருக்கின்றன, ஆனால் கொஞ்சம். பாலக்கோடு வைத்தால் கதை வேறு: வைட்டமின் சி-யில் பசலை மேலே, ஃபோலேட்டில் பாலக் மேலே. இரும்பில்தான் சிக்கல். பசலையின் இரும்பைப் பற்றி இரண்டு அட்டவணையும் இரண்டு பேச்சுப் பேசின. மண்ணைப் பொறுத்து, வகையைப் பொறுத்து மாறும்போலும். தென்னேரி வேலியில் பறித்த இலையில் எவ்வளவு இரும்பு என்று யாரும் அளந்ததில்லை.

எழுதினேன்: 'இரும்புச் சத்து: அட்டவணைகள் ஒத்துப்போகவில்லை. எங்கள் இலைக்கு உறுதியான அளவு தெரியாது. கீரையில் உள்ள இரும்பு உடலில் முழுதாகச் சேர்வதில்லை. வைட்டமின் சி உடன் இருந்தால் கூடுதலாகச் சேரும். ஆகவே எலுமிச்சை பிழிந்து தருகிறோம்.'

நாத்தனார் படித்துப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள். "தெரியாதுன்னு எழுதிக் குடுத்தா எவங்க வாங்குவாங்க? அதுவும் இரத்தம் இல்லாத பொண்ணுங்களுக்குன்னு கேக்கறாங்க. இரும்புதான் அண்ணி மெயினே!"

"தெரியாததைத் தெரியும்னு எழுதி அந்தம்மா ஒரு கேள்வி கேட்டா?"

"கேட்டா நீங்க பதில் சொல்லுங்க."

"அதுக்குத்தான் இப்பவே சொல்லிட்டேன்."

லெட்யூஸ் எங்கே மேல் என்பதையும் சேர்த்தேன்: மொறுமொறுப்பு, எல்லோருக்கும் ஒத்துப்போகும் சாதுவான சுவை, சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குப் பசலையைவிடப் பயம் குறைவு. அந்தக் கடைசி வரியை அவள் விரலால் மறைத்துப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்தாள். "சரி, வெச்சுக்குங்க. கல்லு இருக்கற பொண்ணு ஒண்ணு தின்னுட்டு அழுதா அதுவும் என் தலையிலதான் விடியும்." பக்கத்தின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் இரண்டு மேசை போட்டிருந்தார்கள். சென்னை நிறுவனத்திலிருந்து கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஒருவர் வந்திருந்தார்; முப்பது வயது இருக்கும். மரியாதையானவர். எங்கள் பேசின் வெயிலில் இருப்பதைப் பார்த்துத் தன் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துக் கொடுத்தார். அவர் மேசையில் லெட்யூஸ், சோளமுத்து, மயோனைஸ் புட்டிகள். எங்கள் மேசையில் பசலை, ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரித் துண்டு, கேரட் துருவல், வறுத்த வேர்க்கடலை, நறுக்கிய எலுமிச்சை.

பசலையில் ஒரு வில்லங்கம் உண்டு. கத்தி பட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். அதனால் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் போகாத கொழுந்து இலைகளை மட்டும் ஆய்ந்து, முழுசாகவே போடுவது என்று அவள் திட்டம் வைத்திருந்தாள். அவள் எலுமிச்சையை எடுக்கத் திரும்பிய நேரத்தில் விடுதிச் சமையல்கார அம்மா உதவுவதாக நினைத்து ஒரு பேசின் இலையைக் கூட்டுக்கு நறுக்குவதுபோலப் பொடிப்பொடியாக நறுக்கிவிட்டார். கொண்டுவந்ததில் பாதி. பேசினில் கைவைத்துத் தூக்கினால் நூல் நூலாக வழிந்தது.

"அக்கா, இன்னாக்கா பண்ணிட்ட!"

"நறுக்காம எப்பிடிம்மா திம்பாங்க?" என்றார் அந்த அம்மா, நிஜமாகவே புரியாமல்.

நாத்தனார் கையை முந்தானையில் துடைத்தாள். "ராத்திரிக்குப் பருப்பு போட்டுக் கூட்டு வெச்சிடுக்கா, வீணாவாது" என்று பேசினை அவர் கையில் கொடுத்தாள். மீதி இலையைப் பார்த்தாள். எல்லோருக்கும் போதாது. ஒரு தட்டுக்கு ஒரு பிடி என்று இருந்ததைப் பாதிப் பிடியாக்கினாள்.

பன்னிரண்டரைக்குப் பெண்கள் வந்தார்கள். முதல் பத்து நிமிடம் லெட்யூஸ் மேசையில்தான் கூட்டம். மயோனைஸ் புட்டி கைமாறிக்கொண்டே இருந்தது. எங்கள் முன்னால் நான்கு பேர்.

"ஆன்ட்டி, இது கீரையா? பச்சையாவா?"

"ஆடு பச்சையாத்தான தின்னுது? அதுக்கு யாரு தாளிச்சுக் குடுக்கறாங்க?"

"அப்ப நாங்க ஆடா ஆன்ட்டி?"

"தின்னுட்டுச் சொல்லு. மேன்னு கத்தறியா பாப்போம்."

அந்தப் பெண் தின்றாள். திரும்பித் தோழிகளைப் பார்த்து "மே" என்றாள். கூடத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். அடுத்த நிமிடத்திலிருந்து எங்கள் வரிசை வாசற்படி வரை போயிற்று. "இது எங்க ஊட்டு கோசுமல்லிதான ஆன்ட்டி?" என்று ஒருத்தி. "கோசுமல்லி கோயில்ல. இங்க சாலட்" என்றாள் நாத்தனார், எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே. ஒவ்வொரு தட்டுக்கும் அந்த நேரத்தில்தான் பிழிந்தாள்; முன்னாலேயே பிழிந்தால் இலை துவண்டுவிடும். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பேசின் காலி. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

உணவியல் ஆசிரியை இவ்வளவு நேரமும் மேசைப் பக்கமே வரவில்லை. கை கழுவும் இடத்தில், மிச்சத்தைக் கொட்டும் இரண்டு தொட்டிகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரைக்கு எங்கள் இருவரையும் சென்னைக்காரரையும் தன் அறைக்கு அழைத்தார்.

முதலில் சென்னைக்காரரின் தாளை எடுத்தார். "லெட்யூஸ்னு போட்டிருக்கீங்க. எந்த லெட்யூஸ்?"

"ஐஸ்பெர்க், மேடம்."

"இதுல இருக்கற அளவு ஐஸ்பெர்க்கோடது இல்லையே. கரும்பச்சையா நீளமா ஒரு வகை வருது இல்ல, அதோடது. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "கம்பெனியில பிரின்ட் எடுத்துக் குடுத்தாங்க மேடம். நான் செக் பண்ணல." மழுப்பவில்லை. எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. நான் ஒன்பது வருடம் சொல்லாததை அவர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார்.

அடுத்தது எங்கள் தாள். ஆசிரியை முழுவதும் படித்தார். ஓரிடத்தில் நின்று இரண்டாம் முறை படித்தார். அது எந்த வரி என்று எனக்குத் தெரிந்தது. நாத்தனாருக்கும் தெரிந்தது, மேசைக்குக் கீழே என் மணிக்கட்டை இறுக்கினாள்.

"பசலைன்னு எழுதிட்டு பாலக்கோட அளவைத்தான் எல்லாரும் கொண்டு வருவாங்க. என் ஸ்டூடண்ட்ஸ் வருசா வருசம் செய்யற தப்பு. நீங்களும் அப்படித்தான் வருவீங்கன்னு நினைச்சேன்." கண்ணாடியைக் கழற்றினார். "கொடிப்பசலைன்னு சரியாப் போட்டிருக்கீங்க. இரும்பு தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த ஆளை இப்பதான் பாக்கறேன்."

"அளந்தவங்க யாரும் இல்ல மேடம்" என்றாள் நாத்தனார். "நீங்க காலேஜ் லேப்ல அளந்து சொல்லுங்க, எழுதி ஒட்டிடறேன்."

ஆசிரியை சிரித்துவிட்டார். "அளக்கலாம். ஆனா இரும்பு மாத்திரையைப் பொண்ணுங்க நிறுத்தக் கூடாது, அதையும் எழுதி ஒட்டுங்க." பிறகு தொட்டிகளைப் பற்றிச் சொன்னார். லெட்யூஸ் தட்டுகளில் மயோனைஸும் சோளமும் போய்விட்டன, இலை திரும்பி வந்தது. பசலைத் தட்டுகளில் எலுமிச்சை விதைதான் மிச்சம். "தட்டுல இருக்கற சத்து எனக்குக் கணக்கு இல்லம்மா. வயித்துக்குள்ள போனாத்தான் கணக்கு. கவுன்டர் உங்களுக்குத்தான். திங்கட்கிழமை ஆரம்பிங்க."

"திங்கக்கிழமை எதுக்கு மேடம்? நாளைக்கு வெள்ளிக்கிழமை, நல்ல நாள். கீரை கொடியிலதான இருக்குது."

சென்னைக்காரர் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். கையை எதிர்பார்க்காத அவள் கும்பிட்டாள். பிறகு இரண்டும் பாதியாக ஏதோ செய்தாள். லெட்யூஸ் எப்போதாவது வேண்டுமானால் கூப்பிடச் சொல்லி அவர் போனார்.

விடுதிக்குள் வந்துபோக அனுமதிக்கும் படிவங்கள் மூன்றை ஆசிரியை நீட்டினார், அவளுக்கும் அவள் கூட்டாளிகள் இருவருக்கும். நான் எழுதித் தரட்டுமா என்று பேனாவை எடுத்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பெயர், தெரு, போன் நம்பர். 'தொழில்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"சமையல்னு போடட்டுமா அண்ணி?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே குனிந்து எழுதத் தொடங்கிவிட்டாள். கட்டம் போதவில்லை. கோட்டுக்கு வெளியே போய் முடித்தாள்: 'சாலட் கவுன்டர் பொறுப்பாளர்'. அதையே மற்ற இரண்டு படிவங்களிலும் எழுதினாள். மூன்று பேரும் பொறுப்பாளர்தான்.